துரைசாமியின் கடிதம்

ஆகஸ்ட் பாதி கடந்தால் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு வந்துவிடும். குற்றாலத்தில் சீசன் கூட்டம் குறைந்துகொண்டிருக்கும் நேரம். ஆகஸ்ட் 20 பச்சேரியில் ஒண்டிவீரன் வீரவணக்க நாள். செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் பிறந்த நாள். ஒரே போரில் ஒரே பக்கம் நின்று சண்டையிட்ட இரண்டு பேர். அவர்களை நினைக்க இன்று செக்போஸ்ட் போட வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு அப்படி ஒரு நாளில், தென்காசியில் நடந்த வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: “அண்ணே, ஒண்டிவீரன் பேரு வெள்ளைக்காரன் எழுதுன கடிதத்துல எங்கயாவது இருக்கா? இல்லன்னா கட்டுக்கதைன்னு எங்க கிளாஸ்ல ஒருத்தன் சொல்றான்.” அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியதில் பூலித்தேவன் இருக்கிறார். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் நின்று 20,000 ரூபாய் கேட்டதும், பூலித்தேவன் தர மறுத்ததும் இருக்கிறது. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் பூலித்தேவன் இருக்கிறார். 1761இல் அவருடைய கோட்டைகளைப் பிடித்த யூசுப் கான் இருக்கிறார். ஒண்டிவீரன் இல்லை. வெண்ணிக் காலாடி இல்லை. தென்மலையில் இருந்த எதிரி முகாமுக்குள் தனியாகப் புகுந்ததும், வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தபோது கையில் முளை இறங்கியதும், சத்தம் போடாமல் அந்தக் கையையே வெட்டிக்கொண்டு வெளியேறியதும் எல்லாம் நம் பாட்டிகள் வாயில்தான் இருக்கின்றன. சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு காலாடி நின்றதும் அப்படித்தான்.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? அதற்கு முன்னால், அந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் யார் எழுதினார்கள், யாருக்கு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். கர்னலும் மேஜரும் சென்னைக்கு அனுப்பியவை ஒரு வகை. தளபதியின் கூடவே இருந்து, உத்தரவுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, ராத்திரியில் நாட்குறிப்பு எழுதிய இளம் அதிகாரிகள் விட்டுப்போனவை இன்னொரு வகை. தென்பாண்டிச் சீமையைப் பொறுத்தவரை இரண்டாவது வகையில் முக்கியமான ஆள் ஜேம்ஸ் வெல்ஷ். 1801 பாளையக்காரர் போரில் கர்னல் அக்னியூவின் அதிகாரிகளில் ஒருவன். நாற்பது ஆண்டு நாட்குறிப்பிலிருந்து எடுத்து 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக நூல் வெளியிட்டான். ஊமைத்துரை பற்றியும் மருது சகோதரர்கள் பற்றியும் இன்று மேடையில் பேசப்படுவதில் பாதி அந்த நூலிலிருந்து வந்தது. பேசுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

வெல்ஷ் கண்ணுள்ள ஆள். மேலதிகாரிகளின் கடிதங்களில் கிடைக்காதது இவனிடம் கிடைக்கும். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மேன் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டயபுரம், சிவகிரி பாளையக்காரர்களைக் கட்டபொம்மன் இகழ்ச்சியோடு பார்த்துவிட்டுப் போனார் என்பது அதில் ஒரு வரி. நல்ல வரிதான். ஆனால் அது அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை. வெல்ஷ் எழுதியது வேறு மாதிரி. பேச முடியாத ஊமைத்துரை எப்படி உத்தரவு போடுவான் என்பதை அவன் விவரிக்கிறான்: சில வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் வைப்பான், அவைதான் கம்பெனிப் படை, மறு கையால் அவற்றை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு வாயால் ‘உஸ்’ என்று ஒலி எழுப்புவான், அது தாக்குதலுக்கான உத்தரவு. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நாட்கணக்கில் மறுபடி எழுப்பியவன் இவன்.

மார்ச் 31 அன்று கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கித் தோற்றது. அக்னியூ வந்து பெரிய பீரங்கிகளைக் கொண்டு மே 24 அன்று பிடித்தார். அதற்குப் பிறகு நடந்ததாக வெல்ஷ் எழுதும் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி ஒரு தாய் போகிறாள். மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ‘என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், அவரைக் காப்பாற்று’ என்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது அவன்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். பெரியம்மையில் செத்தவன் என்கிறார்கள். வந்தவர்கள் ஓடிப்போகிறார்கள்.

இந்தக் கதையில் ஊமைத்துரைக்குப் பெயர் உண்டு. எட்டயபுரத்துக்குப் பெயர் உண்டு. மகனைச் சாக விட்டுவிட்டு இன்னொருவனைத் தூக்கிப்போன தாய்க்குப் பெயர் இல்லை. அந்த மகனுக்கும் இல்லை. எதிரியை இவ்வளவு மரியாதையோடு எழுதிய வெல்ஷுக்கே, அவளிடம் பெயர் கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எதிரியாக இருந்தாலும் தலைவனுக்குத்தான் பெயர். ஒண்டிவீரன் பெயர் ஏன் இல்லை என்று கேட்ட தம்பி முதலில் இந்தத் தாயைப் பார்க்க வேண்டும். பெயர் எழுதப்படாததால் அவள் இல்லாமல் போய்விட்டாளா?

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது பெயரில் திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்ட அறிக்கை இருக்கிறதே, ஜம்புத்தீவு பிரகடனம், அதைப் படித்திருப்பீர்கள். இந்திய விடுதலைக்கு விடப்பட்ட முதல் அறைகூவல் என்று பாராட்டப்படுவது. பாராட்டத் தகுந்ததும்தான். பாளையம் பாளையமாகச் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாகக் கூப்பிட்டது. ஆனால் யாரைக் கூப்பிட்டது என்று எண்ணிப் பாருங்கள்: பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். பட்டியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாவதாக ஒரு கூட்டம் இந்தத் தீவில் இருந்தது. வேல் பிடித்தது, மதில் சுவருக்கு மண் சுமந்தது, பறை அடித்துப் படையைத் திரட்டியது, செத்தது. அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று அறிக்கை எழுதியவருக்குத் தோன்றவில்லை. கூப்பிடாமலே வருவார்கள் என்று நினைத்திருக்கலாம். அது இன்னும் மோசம்.

கூப்பிடாமலே வந்தவர்கள் மதிலின் ஒரு பக்கம் மட்டும் நிற்கவில்லை. இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்குப் பிடிக்காது. கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். பாதை வெட்டவும் டோலி தூக்கவும் பீரங்கி இழுக்கவும் அந்தப் படைக்கு ஏராளமான கூலிகள் தேவைப்பட்டார்கள். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்கு அங்கே சம்பளமும் சீருடையும் கிடைத்தன. இந்தியாவைப் பிடிக்க ஆங்கிலேயருக்கு உதவிய படைகளில் தீண்டப்படாதவர்கள் இருந்தார்கள் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார், வெட்கப்பட்டு அல்ல. பின்னால் அதே ராணுவக் கதவை அவர்கள் முகத்தில் அடைத்த ஆங்கிலேயரின் நன்றிகெட்டதனத்தைக் காட்ட. ஆகவே பாஞ்சாலங்குறிச்சி மதிலில் ஏறியவனிலும் நம் ஆள் இருந்திருக்கலாம், மேலிருந்து வேலால் குத்தியவனிலும் நம் ஆள் இருந்திருக்கலாம். ‘தியாகி’, ‘துரோகி’ என்ற இரண்டு பெட்டிக்குள் இதை அடைக்க முயற்சி செய்யாதீர்கள்.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் இன்னொரு தளபதியின் உதவியாளன் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அமெரிக்க விடுதலைப் போர். ஜார்ஜ் வாஷிங்டனின் உதவியாளர்களில் ஜான் லாரன்ஸ் என்று ஓர் இளைஞன். அப்பா ஹென்றி லாரன்ஸ் அடிமை வணிகத்தில் பணம் பண்ணியவர். மகன் அப்பாவுக்கே எழுதினான்: கறுப்பு அடிமைகளைப் படையில் சேர்ப்போம், போரிட்டவர்களுக்கு விடுதலை கொடுப்போம். சக உதவியாளன் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை ஆதரித்து 1779இல் ஜான் ஜேக்கு எழுதினான். காங்கிரஸ் சபை 3,000 பேரைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. தெற்குக் கரோலினா சட்டமன்றம் முடியாது என்றுவிட்டது. சுதந்திரத்துக்காகப் போர், ஆனால் அடிமைக்குத் துப்பாக்கி கொடுக்க மாட்டோம். லாரன்ஸ் 1782இல் ஒரு சின்னச் சண்டையில் செத்துப்போனான்.

வாஷிங்டனுடன் போர் முழுக்கக் குதிரையில் கூடவே போன இன்னொருவர் இருந்தார், வில்லியம் லீ. வாஷிங்டன் விலைக்கு வாங்கிய அடிமை. உதவியாளர்களின் கடிதங்கள் இன்று தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. அவர்கள் பார்த்த அத்தனையையும் பார்த்த லீ எழுதிய கடிதம் என்று ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. 1799இல், கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே ஆண்டில், வாஷிங்டன் இறந்தார். அவருடைய உயிலில் லீக்கு விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் எழுதப்பட்டிருந்தன. லீ அந்தப் போரில் இருந்தார் என்பதை அந்த உயிலும் ஓர் ஓவியமும் நமக்குச் சொல்கின்றன. ஒண்டிவீரனுக்கு அந்த உயில்கூடக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவுக்கும் நமக்கும் வேறொரு முடிச்சும் உண்டு. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ், 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டுவந்தார். போர் முடிந்த பிறகு, 1803இல், அதே மாதிரித் திட்டம் நம் பாளையங்களுக்கும் வந்தது. கம்பெனி பக்கம் நின்ற பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். சிவகிரி, ஊத்துமலை, எட்டயபுரம் ஜமீன்களெல்லாம் அப்படித்தான் நிலைத்தன. எதிர்த்து நின்றவர்களின் நிலம் உடன் நின்றவர்களுக்குப் போனது. இரண்டு பக்கமும் நின்று செத்த பண்ணையாளுக்கு ஒரு காணி வந்ததா? வரவில்லை. அவன் வயல் வேலைக்குத் திரும்பினான். எஜமான் பட்டம் மட்டும் மாறியிருந்தது.

இனி வெல்ஷிடம் திரும்புவோம். 1795 வாக்கில் மதுரைப் பக்கம் இருந்தபோது வேலெறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அவனே எழுதியிருக்கிறான். ஆறு ஆண்டுகளில் அதே மனிதரைக் காட்டில் தேடிப்போன படையில் இருந்தான். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது 15 வயது. தூத்துக்குடியில் கைதிகள் வெல்ஷின் பொறுப்பில் இருந்தபோது பையனின் விலங்கைக் கொஞ்சம் தளர்த்தி வைத்ததாகச் சொல்கிறான். 1802 பிப்ரவரியில் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

1818இல் உடல்நலம் தேடி வெல்ஷ் பினாங்கு போனான். ஒரு நாள் தளர்ந்துபோன கிழவன் ஒருவன் அவன்முன் வந்து நின்றான். யாரென்று தெரியவில்லை. கேட்டதற்கு அவன் சொன்ன ஒரே சொல்: துரைசாமி. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவன்தான், கிழவனாகியிருந்தான். ஊரில் மிச்சமிருக்கும் உறவினர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்க வந்திருந்தான். கவர்னர் உத்தரவு இடம் கொடுக்கவில்லை. வெல்ஷ் வாங்கவில்லை. மனம் வருந்தியதாக எழுதிவைத்தான். அந்த வருத்தம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருத்தம் லண்டனில் அச்சேறியது, துரைசாமியின் கடிதம் சிறுவயல் பக்கம் வந்து சேரவில்லை.

மருதுவின் மகனுக்கே இந்தக் கதி என்றால், அவனோடு கப்பலேறிய பெயர் தெரியாத சேவகனின் கடிதத்தை யார் எழுதியிருப்பார்? எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்தவனிடம் எழுத்துச் சான்று கேட்பதுதான் அந்த வகுப்பறைக் கேள்வியின் அநியாயம்.

பெயர் எழுதினாலும் இங்கே அழிக்கிறார்கள் என்பதையும் அந்தத் தம்பி அறிந்திருக்க வேண்டும். கட்டபொம்மனின் தளபதி கவர்னகிரி சுந்தரலிங்கம் தேவேந்திரர். (தேவேந்திரர்களில் பலர் இன்று தலித் என்ற அடையாளத்தை ஏற்பதில்லை; அது தனி விவாதம்.) 1997இல் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. சுந்தரலிங்கம் பெயரோடு ஒரு பஸ் ஓடக்கூடாது என்பதற்காக அத்தனை பெயர்களும் போயின.

2022 ஆகஸ்ட் 20 அன்று ஒண்டிவீரனுக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். கடிதத்தில் பெயரில்லாதவர் கடிதத்தின்மேல் ஒட்டப்படுகிறார். அந்தத் தம்பிக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஆகஸ்ட்டில் பச்சேரிக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. வயசாளிகளை உட்காரவைத்துக் கதையைப் பதிவு செய்ய வேண்டும், யார் யாரிடம் கேட்டது என்று ஊர்ப்பெயரோடும் தலைமுறையோடும். போன முறை ஒரு பாட்டி தென்மலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதியை அவளிடம்தான் கேட்க வேண்டும்.