விடையிலிருந்து முடிவுக்கு: புவியியல் தேர்வின் ஒரு வரலாறு

நகரொன்றின் புறவழிச்சாலைக்கு மூன்று தடங்கள் முன்மொழியப்படுகின்றன. ஒன்று விளைநிலத்தை விழுங்கும். மற்றொன்று சதுப்புநிலத்தை ஊடறுக்கும். மூன்றாவது குடியிருப்புகளை அகற்றும். வரைபடங்களையும் புள்ளிவிவரங்களையும் பல தரப்பினரின் கருத்துகளையும் மாணவர் கையில் கொடுத்து, எத்தடத்தைத் தேர்வீர், ஏன் என்று கேட்பதே முடிவெடுத்தல் தேர்வு. இதற்கு ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லை. இத்தகைய வினா பள்ளித் தேர்வுக்குள் எவ்வாறு நுழைந்தது?

அதன் வேர்களுள் முதன்மையானது இங்கிலாந்தில் உள்ளது. முனைகளையும் வளைகுடாக்களையும் மனனம் செய்வதே புவியியல் என்றிருந்த நிலையை 1960களின் அளவையியல் புரட்சி அசைத்தது. ஆயினும் அது கொணர்ந்த மாதிரிகளில் மனிதரின் விழுமியங்களுக்கு இடம் குறைவாகவே இருந்தது. அக்குறையை எதிர்கொண்ட முயற்சிகளுள் ஒன்று, 1976இல் ஸ்கூல்ஸ் கவுன்சிலின் ஆதரவுடன் லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் மைக்கேல் நெய்ஷ் தலைமையில் தொடங்கிய ‘புவியியல் 16–19’ திட்டம். மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையிலான சிக்கல்களை அது மையப்படுத்தியது. தரவு ஆய்வும் விழுமிய ஆய்வும் இணையாகச் சென்று, இறுதியில் மாணவரின் சொந்தத் தீர்ப்பில் முடியும் ஆய்வுவழி ஒன்றை அது வகுத்தது. அதன்வழி அமைந்த ஏ-லெவல் பாடத்தில் முடிவெடுத்தல் பயிற்சி மதிப்பீட்டின் ஒரு கூறாயிற்று.

1984இல் ஸ்கூல்ஸ் கவுன்சில் மூடப்பட்டது. தேர்வு வடிவமோ நிலைத்தது. ஏக்யூஏ வாரியத்தின் இன்றைய ஜிசிஎஸ்இ புவியியல் மூன்றாம் தாளுக்கான மூலக்குறிப்பேடு, தேர்வுக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பே வழங்கப்படுகிறது.

இதற்கு நெருங்கிய உறவுடைய முயற்சி ஒன்றை இந்தியாவும் கண்டது. 2014இல் சிபிஎஸ்இ ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் திறந்த பாடப்பகுதித் தேர்வை அறிமுகம் செய்தது. பதினொன்றாம் வகுப்பில் புவியியலும் அதற்குரிய பாடங்களுள் ஒன்று. பனுவல் முன்கூட்டியே தரப்பட்டது. 2017–18 கல்வியாண்டு முதல் அது கைவிடப்பட்டது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. அங்கே வகுப்பறை ஆய்வுமுறை முதலில் வகுக்கப்பட்டது. தேர்வு அதன் விளைவாக வந்தது. இங்கே, மனனத்தை நம்பிய வகுப்பறையின் மீது புதிய வினாத்தாள் ஏற்றப்பட்டது. முன்னரே கிடைத்த பனுவலுக்கு முன்னரே விடை எழுதிவைத்துக்கொள்ள இடமிருந்தால், அதுவும் மற்றொரு மனனமே ஆகும்.

ஆகவே சிக்கலின் மையம் மதிப்பெண் வழங்கும் முறையில் உள்ளது. மாணவர் தேர்ந்த தடத்திற்கு மதிப்பெண் இடுவதா, அன்றி இழப்போர் யார், பெறுவோர் யார் என்று அவர் எடைபோட்ட முறைக்கு இடுவதா? தேர்வாளர் விரும்பிய முடிவே வெல்லுமெனில், மாணவர் கற்பது ஊகித்தலை மட்டுமே. திறந்த நூல் தேர்வு குறித்த பேச்சு நம் நாட்டில் மீண்டும் எழுந்துள்ள இவ்வேளையில், வினாத்தாளுக்கு முன்னதாக இக்கேள்வியை நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும்.