காப்பாளர் என்று அழைத்தவன்: ஜப்பானியக் காதல் நகைச்சுவை மாங்காவும் விளிச்சொற்களும்

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ‘மேசோன் இக்கொக்கு’ என்னும் மாங்காத் தொடரை ஓர் அடிக்குறிப்பில் சுட்டியிருந்தேன். வரைவைப் படித்த மூத்த பேராசிரியர் ஒருவர், “இது பொழுதுபோக்கு, சான்று ஆகாது” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அவர்மீது வருத்தமில்லை. ஆயினும் அக்குறிப்பு பல நாள் மனத்தை உறுத்தியது. விளிச்சொற்களை ஆராய்பவன், ஒரு விளி மாறுவதற்கு ஏழு ஆண்டு காத்திருந்த கதையைச் சான்றாகக் கொள்ளாமல் வேறு எதைக் கொள்வது? அந்த உறுத்தலே இப்பதிவு. இதில் வரலாறும் உண்டு, என் சொந்த விருப்பு வெறுப்பும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்து படிக்க வேண்டுகிறேன்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் காதல் கதை பெரிதும் சிறுமியர் இதழ்களுக்கு உரியதாக இருந்தது. தெசுகா ஒசாமுவின் ‘ரிபன் நோ கிஷி’ 1953இல் ‘ஷோஜோ கிளப்’ இதழில் தொடங்கியது. 1970களில் ஹாகியோ மோதோ, தகேமியா கெய்கோ முதலிய பெண் படைப்பாளர்கள் அவ்வகைக்கு உளவியல் ஆழம் சேர்த்தனர். சிறுவர் வார இதழ்களிலோ விளையாட்டும் சாகசமும் மேலோங்கி இருந்தன. அங்கே காதலையும் நகைச்சுவையையும் ஒருங்கே வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் தகஹாஷி ரூமிகோ. அவர் கல்லூரி மாணவியாக இருந்த 1978இல் ‘உருசெய் யாட்சுரா’ என்னும் அவரது தொடர் ‘ஷோனென் சண்டே’ இதழில் தொடங்கியது. லவ் காமெடி என்பதைச் சுருக்கி ஜப்பானியர் ‘ரபுகொமே’ என்று வழங்கும் வகையின் பெருவழக்குக்கு அத்தொடர் முக்கியக் காரணம்.

அக்கதை ஓர் இலக்கணக் குழப்பத்தில் பிறக்கிறது என்பது என் வாதம். வேற்றுலக அரக்கர்கள் பூமியைக் கைப்பற்ற வருகிறார்கள். அதாரு என்னும் பள்ளி மாணவன் பத்து நாளுக்குள் லாமு என்னும் பெண்ணின் கொம்பைப் பிடித்தால் பூமி தப்பும். வென்றால் மணந்துகொள்வதாக அவனுடைய தோழி ஷினோபு வாக்களிக்கிறாள். கொம்பைப் பிடித்த மகிழ்ச்சியில் அவன் திருமணத்தைப் பற்றிக் கூவுகிறான். லாமு அதைத் தன்னிடம் வைத்த வேண்டுகோளாகக் கொள்கிறாள். ஜப்பானிய வினைமுற்றில் பால், இட விகுதி இல்லை. யார், யாரை என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். தமிழ் வினைமுற்று பொதுவாக இடம் காட்டும். ஆனால் “இனித் திருமணம் செய்துகொள்ளலாம்!” என்று நாம் கூவினால் நமக்கும் அதே விபத்து நேரும், ‘-லாம்’ விகுதி ஆளைக் காட்டாது. ஒன்பது ஆண்டுகள், 34 தொகுதிகள் நீண்ட தொடருக்கு இவ்வெற்றிடமே விதை.

இத்தொடரை நான் முழுமையாக விரும்புகிறேன் என்று சொல்ல இயலாது. வெற்றிக்காக அவளுடைய மேலாடையைப் பறிப்பதை நகைச்சுவையாக்கும் முதல் அத்தியாயம் இன்று முகம் சுளிக்க வைக்கிறது. அதே வகைச் சேட்டை மீண்டும் மீண்டும் வருவது சலிப்பும் தருகிறது. ஆனால் 1987இல் வந்த முடிவு என்னை வியக்க வைத்தது. தொடக்கத்து ஓட்டப் போட்டி மறுபடி நிகழ்கிறது. காதலிப்பதாக ஒரே ஒரு முறை சொன்னால் போதும் என்கிறாள் லாமு. கட்டாயத்தின் பேரில் சொன்னால் அச்சொல் பொய்யாகிவிடும் என்று அதாரு மறுக்கிறான். சாகும் தறுவாயில் சொல்வதாக மட்டும் வாக்களிக்கிறான். கதை முடிகிறது. சொல் வரவில்லை.

சொல்லைத் தள்ளிப்போடுவதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. வார இதழ்களில் வாசகர்களின் வாக்கும் விற்பனையும் ஒரு தொடரின் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்தன. காதல் கைகூடினால் கதை முடியும், கதை முடிந்தால் வருவாயும் முடியும். அதனால் அதாருவும் லாமுவும் ஆண்டுகள் கடந்தும் அதே வகுப்பில் அமர்ந்திருந்தனர்.

இதே தகஹாஷி இதே காலத்தில் எதிர்மாறான கடிகாரம் ஒன்றையும் ஓட்டினார். 1980இல் இளைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் வந்த ‘மேசோன் இக்கொக்கு’வில் காலம் நகர்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்ற கொதாய், பழைய மர விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறான். அங்கே காப்பாளராக வரும் கியோகோ, கணவனை இழந்த இளம்பெண். அவள் வளர்க்கும் நாய்க்கு இறந்த கணவரின் பெயர். கொதாய் கல்லூரியில் சேர்கிறான், பட்டம் பெறுகிறான், வேலையின்றி அலைகிறான், குழந்தைகள் காப்பகத்தில் பணி கற்கிறான். இத்தனை ஆண்டும் அவன் அவளை அழைப்பது ‘கன்ரினின்-சான்’ என்றுதான். காப்பாளர் என்பது அதன் பொருள். தொடக்கத்திலேயே குடிபோதையில் அவள் பெயரைச் சொல்லித் தெருவதிரக் காதலை அறிவித்தவன்தான் அவன். ஆனால் அது செல்லாது. சொல் செயலாக வேண்டுமெனில் சூழலும் சொல்பவனின் நிலையும் பொருந்த வேண்டும் என்றார் ஜே. எல். ஆஸ்டின். தொடரின் இறுதிப் பகுதியில்தான் பதவிப்பெயர் விலகிக் ‘கியோகோ’ என்னும் பெயர் தன் முழுப் பொருளில் ஒலிக்கிறது. அப்பக்கத்தில் நான் நெடுநேரம் நின்றேன். நாற்பதாண்டு மணவாழ்வில் என் தந்தையின் பெயரைச் சொல்லாமல் “என்னங்க” என்றே அழைத்துவரும் என் தாய் நினைவுக்கு வந்தார். ஒரு பெயரைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உறவின் அளவுகோல் ஆகும் என்பதை எனக்கு நூல்களுக்கு முன்பே வீடு கற்பித்திருந்தது.

இரண்டாவதாக நான் மதிப்பது நகஹாரா அயாவின் ‘லவ்லி காம்ப்ளெக்ஸ்’ (2001–2006). உயரமான ரிசா, குட்டையான ஓதானி ஆகிய இருவரும் பேசுவது கன்சாய் வட்டார மொழி. கற்பனைப் படைப்புகளில் ஒரு பேச்சுவழக்கே ஒரு குணத்தைக் குறிக்கும் வழக்கத்துக்கு மொழியியலாளர் கின்சுய் சதோஷி ‘யாகுவாரிகோ’, அதாவது பாத்திர மொழி, என்று பெயரிட்டார். அதை விரித்துரைக்கும் அவரது நூல் 2003இல் வெளிவந்தது. அம்மரபில் கன்சாய் மொழி பேசுபவர் பெரும்பாலும் சிரிப்பூட்டும் துணைப்பாத்திரம். நகஹாராவோ அம்மொழியை நாயகியின் கண்ணீருக்கும் கொடுத்தார். அவர்களைச் சுற்றியுள்ளோர் அவர்களை நகைச்சுவை இணையாகவே காண்கின்றனர். அந்தப் பார்வையிலிருந்து வெளியேறுவதே ரிசாவின் போராட்டம். ஆங்கிலத்தில் முதலில் படித்தபோது இது எனக்குப் புலப்படவில்லை. மூலத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்த பின்னரே புரிந்தது.

அகசகா அகாவின் ‘காகுயா-சாமா’ (2015–2022) தள்ளிப்போடுதலையே கதைக்கருவாக்கியது. முதலில் காதலைச் சொல்பவர் தோற்றவர் என்று இரு மேதை மாணவர்கள் போரிடுகின்றனர். இங்கும் காகுயா அவனைக் ‘கைச்சோ’, அதாவது தலைவர், என்றே அழைக்கிறாள். மாணவர் மன்ற அறைக்குள் நடக்கும் முற்பகுதி சிறப்பு. குடும்பச் செல்வத்தைச் சுற்றிய பிற்பகுதி எனக்கு உவப்பாயில்லை. எனினும் தொடரின் நடுவிலேயே காதலை வெளிப்படவைத்து, அதன்பின்னும் கதை உண்டு என்று காட்டிய துணிவைப் பாராட்ட வேண்டும்.

1978இல் ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. 1987இல் அச்சொல் ஒரு தொடரில் மறுக்கப்பட்டது, மற்றொன்றில் பெயராக மலர்ந்தது. இவற்றைப் படைத்தவர் சிரிக்க வைத்தார் என்பதற்காக, மொழியைப் பற்றி அவர் அறிந்தது குறைந்துவிடாது. அடிக்குறிப்பை நீக்கிவிட்டேன். அதே செய்தியை இயலின் உடலில் மூன்று பக்கமாக, எடுத்துக்காட்டுகளுடன் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அதே பேராசிரியரிடம் மீண்டும் செல்லவிருக்கிறது. உங்கள் மொழியில் பதவிப்பெயரோ உறவுப்பெயரோ காதலின் விளியாக மாறிய இடங்கள் இருந்தால் எழுதுங்கள். ஒப்பீட்டுக்கு அவை எனக்குத் தேவை.