பழங்கலம் கொள்வாரும் கலநோட்டமும்

தமிழர் கடல் வரலாற்றை எழுதியோர் கலங்களின் வகையினையும் அவை சுமந்த சரக்கினையும் விரித்துரைத்துள்ளனர். கலம் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறும் முறையோ அத்துணை ஆராயப்படவில்லை. பல்லாண்டு நீரில் உழன்ற கலமொன்றை விலைக்குக் கொள்வான், அதன் உறுதியைத் தன் கண்கொண்டே துணிவதா, ஊதியம் தந்து வல்லானொருவனை அழைத்து நோக்குவிப்பதா என்பது வாழ்வொடு பட்ட வினா. இதனைத் திண்டிவனம், விழுப்புரம் பகுதியின் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இப்பகுதி பண்டை ஓய்மாநாட்டின்பாற்பட்டது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனின் கிடங்கிலையும் எயிற்பட்டினத்தையும் கூறுகின்றது. கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கால் என்றும், எயிற்பட்டினம் மரக்காணம் என்றும் அறிஞர் கொள்வர். உள்நாட்டுத் தலைநகரும் கடற்றுறையும் ஒரே வழியில் இணைந்து கிடந்த நாடு இஃது என்பது இதனாற் போதரும்.

வாணிகத்தில் ஐயந்தீர்க்கும் நடுவன் ஒருவன் வேண்டும் என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். பொன்னும் காசும் நோட்டஞ் செய்வானை 'வண்ணக்கன்' என்றனர். வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனச் சங்கப் புலவர் சிலர் பெயரொடு அத்தொழிற்பெயர் ஒட்டி நிற்றல் அதன் மதிப்பைக் காட்டும். வண்ணக்கனுக்குக் காசு உரியதன்று. அது நல்லதாயினும் தீயதாயினும் அவனுக்கு ஊதியம் ஒன்றே. அவன் சொல் மதிக்கப்பட்டமைக்கு அவனது கண்கூர்மையோடு இந்நடுவுநிலைமையும் காரணமாம் என்க.

கலத்தின் உறுதியறியும் கல்வி ஓடாவிகளிடத்து வழிவழி நின்றது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின்வழி 1950இல் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' அக்கல்வியின் ஒரு கூற்றைக் காட்டும். மரத்தின் இயல்பும் அளவும் கூறுவதோடு, குறி பார்த்துப் பலன் கூறும் பகுதியும் அதில் உண்டு. ஆயினும் ஓடாவி வண்ணக்கன் அல்லன். பழுது கண்டால் செப்பனிடும் வேலை அவனுக்கே வரும். விற்பவன் அவனுடைய பழைய வாடிக்கையாளனாகவும் இருத்தல் கூடும். அறிவு மிக்கவனிடத்தும் நடுவுநிலை தானே அமைந்துவிடுவதன்று.

அறிவின் தேவையோ மிகப் பெரிது. கப்பற்புழு மரத்தினுட் புகும் துளை ஊசிமுனை அளவினது. உட்புகுந்தபின் அது குடையும் வழியோ விரற்பருமனாய் நீளும். மேற்பலகை வழுவழுப்பாய்த் தோன்றவும் உட்புறம் தேனடை போல் வெறுமையாதல் உண்டு. கலப்பற்றும் புதிய வண்ணமும் இப்பழுதை மேலும் மறைக்கும். ஆகவே வல்லான் கண்ணால் நோக்குதலோடு அமையான். தட்டி ஒலி கேட்பான், கூர்முனையாற் குத்திப் பார்ப்பான், ஏராவும் வங்கும் பொருந்துமிடத்தைத் துருவி நோக்குவான்.

மேலைநாட்டார் இந்நோட்டத்தைத் தனித்தொழிலாக்கினர். இலண்டனில் எட்வர்டு லாயிடு என்பாரின் காப்பிக்கடையை ஒட்டி வளர்ந்த கடற்காப்பீட்டு வணிகம் 1760இல் ஒரு பதிவுக் கழகத்தைத் தோற்றுவித்தது. 1764இல் வந்த அதன் ஏடு, கலத்தின் உடற்பகுதியை ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் எழுத்துகளால் தரம் பிரித்தது. பின்னர்க் கலத்தின் அகவையும் கட்டிய இடமுமே தரத்தைத் துணியலாயின. அதனைப் பொறாத கப்பலுடையார் 1799இல் எதிரேடு ஒன்று கண்டனர். இரண்டும் 1834இல் ஒன்றாயின. நேரில் நோக்காது அகவையால் மட்டும் தரங்கூறுதல் நோட்டமாகாது என்பதே இவ்வழக்கு உணர்த்தும் பாடம்.

இனி, மரக்காணத்தைத் தென்முனையாகக் கொண்ட பக்கிங்காம் கால்வாயை நோக்குவோம். 1806இல் கோக்ரேன் தொடங்கிய இந்நீர்வழி படிப்படியாய் நீண்டு, 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சென்னை நகரூடே இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் தானியமும் சுமந்த படகுகள் இதன்வழிச் சென்னை சேர்ந்தன. சென்னை மாகாணத்து 1890ஆம் ஆண்டுக் கால்வாய், ஓடத்துறைச் சட்டம் படகுகளுக்கு உரிமமும் சுங்கமும் வகுத்தது. உரிமம் பெற்ற படகு உறுதியான படகு என்று கொள்வான் எண்ணுதல் இயல்பு. ஆயின் உரிமம் அரசின் பொருட்டு எழுந்தது. கொள்வான் கொடுக்கும் விலைக்கு அது பிணையாகாது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவுக்கும் இஃது ஒக்கும். காப்பீட்டு அளவையர் இழப்பு நேர்ந்தபின் வந்து மதிப்பிடுவதும் காப்பீட்டு நிறுவனத்தின் பொருட்டேயாம்.

கொள்வானின் பொருட்டு நோக்குவார் யார்? 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தரம்பற்றிய பொறுப்பைப் பொதுவகையாற் கொள்வான் தலையிலேயே வைக்கின்றது. அப்பொருளையே வாணிகமாக உடையானிடம் அதன் விவரங் கேட்டு வாங்குங்கால் விற்பனைக்கேற்ற தரம் உண்டெனக் கொள்ளச் சட்டம் இடந்தரும். ஆண்டும், கொள்வான் பொருளை நோக்கியிருப்பின், அந்நோக்கில் வெளிப்பட்டிருக்கவேண்டிய குற்றங்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. தன் பழம்படகை விற்கும் மீனவன் படகு வாணிகனும் அல்லன். எனவே மேலோட்டமாய்ப் பார்த்து வாங்குவானுக்குச் சட்டத்தின் துணை மிகச் சிறிதே என்பது தெளிவு.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. புழு அவற்றை அரிக்காது. ஆயினும் பழுது மறைந்து நிற்றல் மாறவில்லை. இழையடுக்குகள் பிரிதலும், இயந்திரம் பூட்டும் அமரப் பலகை உள்ளே ஊறி இற்றுப்போதலும் மேற்பூச்சால் மறைவன. தட்டி ஒலி கேட்கும் பழங்கலை இன்றும் பயன்படுவது இதனாலேயாம்.

ஆகலின் எல்லாப் படகுக்கும் ஒரே விதி கூறல் பொருந்தாது. சிறுபடகாயின், விற்பவனோடு தொடர்பற்ற ஓடாவியோ முதிர்ந்த தண்டலோ கரையேற்றி ஒருநாள் நோக்குதல் அமையும். கடன்பட்டு விசைப்படகு கொள்வானுக்கோ, தொழில்முறை அளவையரின் எழுத்துமூல அறிக்கை இன்றியமையாதது. இரண்டிடத்தும் வேண்டப்படுவன கருவியறிவும் நடுவுநிலையும். விலைப்பொருளொடு பலர் உயிரும் ஏறும் கலத்திற்கு, காசுக்குத் தேடிய வண்ணக்கனைத் தேடாதிருத்தல் முறையன்று.