சுவிச் மாற்றிய பிறகு படிக்கட்டு இருண்டால்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் ஒரு பகல், கொச்சிக்கடையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய மாடிவீட்டில், உடைந்துபோன படிக்கட்டுச் சுவிச்சை நானே மாற்றினேன். வடக்கிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக்காரரிடம் அடிக்கடி முறைப்பாடு சொல்லத் தயக்கம், அதுதான் காரணம். கரண்ட் இல்லைத்தானே என்று மெயின் சுவிச்சைக்கூட நிறுத்தவில்லை. மூடியைப் பூட்டி முடித்துச் சிறிது நேரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்னரே கரண்ட் வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

அன்று இரவுதான் பிழை தெரிந்தது. கீழ்ச் சுவிச் ஒரு பக்கம் இருந்தால் மேலே இருந்து விளக்கைப் போடலாம், நிறுத்தலாம். மற்றப் பக்கம் தட்டிவிட்டால், மேலே என்ன செய்தாலும் இருட்டு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்ட சிக்கன விளக்கில் எங்களைப் படிப்பித்தவர். "ஒரு போத்தல் விளக்கு வைத்தால் போச்சு" என்றார். மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசை.

அடுத்த நாள் தெரிந்த வயரிங் அண்ணை ஒருவர் வந்தார். முதலில் மெயினை நிறுத்தினார். "கரண்ட் போனது வேறை, நிப்பாட்டினது வேறை, பிள்ளை" என்றார். பிறகுதான் மூடியைக் கழற்றினார்.

மேலும் கீழும் இருந்து ஒரே விளக்கை இயக்கும் சுவிச்சை ரூ-வே சுவிச், இருவழி ஆளி என்பார்கள். அதில் மூன்று முனைகள் உண்டு. ஒன்று பொதுமுனை. கீழ்ச் சுவிச்சின் பொதுமுனைக்கு உயிர்க்கம்பி வரும். மேல்ச் சுவிச்சின் பொதுமுனையிலிருந்து விளக்குக்குப் போகும். மீதி இரண்டு முனைகளையும் இரண்டு கம்பிகள் மேலும் கீழுமாக இணைக்கும். அந்த இரண்டும் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. பொதுமுனைக் கம்பி இடம் மாறினால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். நான் பழைய சுவிச்சில் கம்பிகள் இருந்த இடத்தைப் பார்த்து அப்படியே பூட்டினேன். ஆனால் புதிய சுவிச்சில் பொதுமுனை வேறு இடத்தில் இருந்தது. சுவிச்சின் பின்னால் எழுதியிருந்ததை நான் வாசிக்கவே இல்லை.

நிறத்தையும் நம்பியிருந்தேன். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல். புதியதில் மண்ணிறமும் நீலமும். சுவிச் பெட்டிக்குள் இந்தக் கணக்குச் செல்லாது. விளக்குக்குத் திரும்பிப் போகும் கம்பி கறுப்பாக இருக்கலாம்; சுவிச் போட்டிருக்கும்போது அதிலும் 230 வோல்ட் இருக்கும். கறுப்புத்தானே என்று தொடக்கூடாது.

வேறு பிழைகளும் வரும். ஒரே தட்டில் மூன்று சுவிச்சுகள் இருந்து, ஒன்றை மாற்றியபின் பக்கத்தில் உள்ளவையும் வேலை செய்யாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் உயிர்க்கம்பித் துண்டு விடுபட்டிருக்கலாம். சுவிச்சைப் போட்டவுடன் பிறேக்கர் விழுந்தால், பெட்டிக்குள் இருந்த நொதுமல் கம்பி தவறிச் சுவிச்சில் பூட்டப்பட்டிருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். விளக்கு மினுங்கினாலோ சுவிச் சூடானாலோ, ஆணி இறுகவில்லை, அல்லது கம்பியின் பிளாஸ்டிக் உறையும் ஆணிக்குள் அகப்பட்டிருக்கிறது. கருகிய மணம் வந்தால் மெயினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ட்ரிப் சுவிச் இருக்கிறதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச், மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போதுதான் விழும். உயிர்க்கம்பியையும் நொதுமலையும் ஒன்றாகப் பிடித்தவரை அது ஒரு மின்குமிழ் என்றே நினைக்கும்.

அண்ணை கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். பொதுமுனைக் கம்பியில் சிவப்பு ரேப் சுற்றினார். இரண்டு நிமிட வேலை. காசு வாங்க மாட்டேன் என்றார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.