எஸ்.எஸ். காலியா (தூத்துக்குடி – கொழும்பு சுதேசிக் கப்பல்)

எஸ்.எஸ். காலியா 1907இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கிய நீராவிக் கப்பல். வ.உ. சிதம்பரம்பிள்ளை நிறுவிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு உரியது. காலியோ என்றும் எழுதுவர். வ.உ.சி.யின் பிறந்தநாள் நூற்றாண்டில், 1972 செப்டெம்பர் 5 அன்று, இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட முத்திரையில் அவர் உருவத்தோடு ஒரு கப்பலும் இடம்பெற்றது. கப்பலோட்டிய தமிழன் எனப்படும் வ.உ.சி. என்றதும் மனத்தில் எழும் கப்பல் காலியாவே.

இந்திய விடுதலை வரலாற்றின் பக்கமாகவே இக்கப்பலைப் பற்றி எழுதுவது வழக்கம். இலங்கையின் ஊவா மாகாணத் தோட்ட மக்களுக்கு இது தங்கள் வரலாற்றின் பக்கமும் ஆகும். காலியா ஓடிய அதே கடல்வழியில்தான் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களுக்கு அன்று ஆட்கள் வந்தார்கள்.

அதற்கு முன் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, வந்தவர்கள் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதையில் ஏராளமானோரைக் கொன்றன. கொள்ளைநோய் அச்சத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு அவ்வழியை மூடியது. அதன்பின் தூத்துக்குடி – கொழும்பு வழியே தொழிலாளரின் முதன்மை வழியாயிற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் அமைந்தது. ஆட்களை அங்கே நிறுத்திச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். கொழும்பில் இறங்கியவர்கள் மலைநாட்டுக்கு ரயில் ஏறினார்கள். ஊவாப் பக்கம் ரயில் 1894இல் பண்டாரவளையை எட்டி அங்கேயே நின்றிருந்தது. பதுளை நிலையம் திறக்கப்பட்டது 1924இல்தான். ஆகவே காலியாவின் காலத்தில் வந்தவர்கள் பண்டாரவளையில் இறங்கி, மூட்டை முடிச்சோடு மலைப்பாதையில் நடந்தே பதுளைப் பக்கத்துத் தோட்டங்களை அடைந்தார்கள்.

இந்தக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்தே வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசிக் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். முதலில் பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிர்த்தரப்பின் நெருக்குதலால் கைவிட்டுப் போயின. சொந்தக் கப்பல் வேண்டும் என்ற பிடிவாதம் அப்போது பிறந்தது. 1907இல் பிரான்சிலிருந்து காலியாவும் லாவோவும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணிக்கலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். சாதாரண வகுப்பின் அந்த எண்ணிக்கையே இந்த வழியில் யார் பெருவாரியாகப் போய்வந்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. பிறகு இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் என்று எதிர்த்தரப்பு அறிவித்ததாக வ.உ.சி. வரலாறுகள் கூறுகின்றன. வணிகரும் கைக்காசில் பயணம் செய்தவரும் இந்தப் போட்டியில் பக்கம் தேர்ந்தெடுக்க முடிந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்டவரின் நிலை வேறு. அவர் கையில் இருந்தது தகரச் சீட்டு. தோட்டத்தின் எண் பொறித்த அந்தத் தகட்டைக் காட்டினால் கப்பலும் ரயிலும் ஏறலாம், காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர் கடனாக அவர் தலையில் இறங்கும். எந்தக் கப்பலில் போவது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அரை ரூபாய்க் கட்டணத்தைப் பெருமையோடு எழுதும் நூல்கள் இந்தத் தகரச் சீட்டையும் அதன் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். தொழிலாளரின் கடனை எழுதிய சீட்டான ‘துண்டு’ முறை 1921இல் ஒழிந்தது. 1923இன் சட்டம் பயணச் செலவைத் தோட்டங்களின் பொது நிதி ஏற்கச் செய்தது.

வ.உ.சி. கப்பல்காரராக மட்டும் இருந்ததில்லை. 1908 பெப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கி வென்றார். பின்னாளில் தொழிற்சங்கங்களால் குரல் பெற்ற தோட்ட மக்களுக்கு அவர் வாழ்வில் மிக நெருக்கமான பகுதி இதுவாகவே இருக்கும். அடுத்த மாதமே, மார்ச் 12 அன்று, கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்து 1912இல் விடுதலையானார்.

அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எந்தக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அதனிடமே விலைபோனது என்பர். வ.உ.சி.யின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான செய்தி இல்லை.

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் நீராவிக் கப்பலும் இருபுற ரயில்களும் இணைந்தபின் தொழிலாளர் போக்குவரத்து அந்த வழிக்கு மாறியது. முகாமும் தட்டப்பாறையை விட்டு மண்டபத்துக்குப் போனது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்க வேண்டியவர்களாக எண்ணப்பட்ட 5,25,000 பேரில் ஊவாத் தோட்டங்களின் குடும்பங்களும் இருந்தன. தனுஷ்கோடி அந்த ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்துவிட்டதால், அவர்கள் தலைமன்னாரில் ராமானுஜம் என்ற கப்பலில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984இல் அந்தச் சேவையும் நின்றது. தூத்துக்குடி – கொழும்புப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது.