காய்ச்சல் பரவலும் மரபணுச் சில்லும்: கொல்லிமலைப் பகுதி மக்களுக்கான விளக்கம்

டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் ஆகிய அனைத்தும் முதல் சில நாட்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சோர்வு ஆகியவற்றைக் கொண்டு மட்டும் அவற்றைப் பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல்லுக்குச் செல்ல வேண்டிய நோயாளிக்குக் காரணம் விரைவில் தெரிவது உயிர் காக்கும் செய்தியாகும். இதற்கு உதவும் மரபணு அடிப்படையிலான பரிசோதனைகள் குறித்து இப்பக்கம் விளக்குகிறது.

மரபணுச் சில்லு என்றால் என்ன?

ஒவ்வொரு நோய்க்கிருமிக்கும் தனித்த மரபணு வரிசை உண்டு. டிஎன்ஏ மைக்ரோஅரே எனப்படும் மரபணுச் சில்லு, சிறு கண்ணாடித் தகட்டின்மேல் ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளைக் கொண்டது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்குரிய மரபணுத் துண்டு பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் இரத்தம் அல்லது தொண்டைச் சளியிலிருந்து பிரித்தெடுத்த மரபணுப் பொருளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றித் தகட்டின்மேல் இடுவர். பொருத்தமான இணை கிடைத்த இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும், அப்புள்ளி ஒளிரும். எந்தப் புள்ளி ஒளிர்கிறது என்பதைக் கொண்டு கிருமி அடையாளம் காணப்படுகிறது. ஒரே மாதிரியைக் கொண்டு பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேட இயல்வதே இதன் சிறப்பு. 2003 இல் சார்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு புதிய கொரோனா வைரஸ் என்று அறிவதற்கு இத்தகைய சில்லு ஒன்று உதவியது.

படைமுகாமிலிருந்து மருத்துவமனைக்கு

நெருக்கமாகத் தங்கிப் பயிற்சி பெறும் படைவீரர்களிடையே காய்ச்சல் மிக விரைவாகப் பரவும். அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்தோரிடையே அடினோவைரஸ் காய்ச்சல் நெடுங்காலம் பெரும் தொல்லையாக இருந்தது. அதற்கான தடுப்பூசியின் இருப்பு 1999 அளவில் தீர்ந்தபின் நோய் மீண்டும் பெருகியது. 2011 இல்தான் தடுப்பூசி திரும்ப வந்தது. அந்த இடைக்காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் லாக்லாண்டு வான்படைத் தளத்தில் காய்ச்சலுற்ற வீரர்களின் மாதிரிகள் மரபணுச் சில்லுகளால் ஆராயப்பட்டன. நோய்ப் பரவலைத் தொடக்கத்திலேயே அறிவதும், இயல்பான பரவலா, பகைவரின் செயலா என்று பிரித்தறிவதும் அத்திட்டத்தின் நோக்கங்கள்.

படைக்கும் காய்ச்சலுக்குமான தொடர்பு நமக்கும் அயலானதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா எல்லைக் காடுகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை உண்ணிக் காய்ச்சல் வீழ்த்தியது. அதற்கு முதன்முதலில் பயன்தந்த மருந்தான குளோராம்பெனிகால், 1948 இல் மலாயாவில் அமெரிக்க இராணுவ மருத்துவக் குழுவால் சோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனமும் லெப்டினன்ட் கர்னல் கிங் என்னும் மருத்துவ அதிகாரியின் பெயரையே தாங்கியுள்ளது.

உங்களுக்கு எந்தப் பரிசோதனை செய்யப்படும்?

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மரபணுச் சில்லு இருக்காது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அது ஆய்வகக் கருவி. தகட்டில் பதிக்கப்படாத கிருமியை அதனால் காண இயலாது; ஒளிர்ந்த கிருமியே நோய்க்குக் காரணம் என்றும் உறுதியாகக் கூற இயலாது. இன்று அதன் பணியின் பெரும்பகுதியை பிசிஆர் பரிசோதனையும் முழு மரபணு வரிசையாக்கமும் ஏற்றுக்கொண்டுள்ளன. வரிசையாக்கத்திற்கான ஆய்வகம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் சென்னையில் தொடங்கியது.

உண்ணிக் காய்ச்சலுக்கு ஐஜிஎம் எலைசா இரத்தப் பரிசோதனையே பரவலாகச் செய்யப்படுகிறது. உடல் எதிர்ப்பொருளை உருவாக்க நாட்கள் தேவைப்படுவதால், காய்ச்சலின் முதல் சில நாட்களில் இது 'இல்லை' என்று காட்டக்கூடும். அந்த முடிவைக் கண்டு நோய் இல்லை என்று எண்ணிச் சிகிச்சையைக் கைவிடாதீர்கள். பிசிஆர் கிருமியின் மரபணுவையே தேடுவதால் தொடக்க நாட்களில் கூடுதல் பயன் தரும். புண்ணின் பொருக்கிலிருந்தும் அதற்கான மாதிரி எடுக்கலாம்.

அந்தப் புண் முக்கியமானது. இந்நோயைப் பரப்புவது புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு. அது கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம். வலியோ அரிப்போ பெரும்பாலும் இராது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பகங்களின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அறியாதிருப்பார். கூச்சத்தால் அதை மறைப்போரும் உண்டு. காப்பி, மிளகுத் தோட்டங்களில் வேலை செய்பவர், விறகு எடுக்கச் சென்றவர், மாடு மேய்ப்பவர் என்று உங்கள் வீட்டில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடல் முழுவதையும் பாருங்கள். பொருக்கு இருந்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வக முடிவு வரும்முன்பே சிகிச்சையைத் தொடங்க அதுவே அவருக்குப் போதுமான சான்றாகலாம்.

இக்கிருமி உடலின் உயிரணுக்களுக்குள் வாழ்வதால் பெனிசிலின் வகை மருந்துகள் பயன்தராது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவையே பயன்படுகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நோய் முற்றிய நிலையில் இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது தனித்தனியாகத் தருவதைவிட மேலானது என்று காட்டியது. கருவுற்றிருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்பது காலத்தை வீணாக்கும்.

உங்கள் தகவல் எங்கே செல்கிறது?

இந்தியாவில் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் செயல்பட்டு வருகிறது. சுகாதார நிலையங்களில் பதிவாகும் காய்ச்சல் விவரங்கள் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்குச் செல்கின்றன. ஒரே ஊரில் திடீரெனக் காய்ச்சல் கூடினால் களப்பணியாளர்கள் அங்கு வருவர். ஆகவே ஊர்ப்பெயரைச் சரியாகக் கூறுங்கள். மலையில் எந்த நாடு, எந்தச் சிற்றூர் என்பதையும், அண்மையில் வேலைக்காக வெளியூர் சென்றிருந்தால் அதையும் தெரிவியுங்கள். அண்டை வீட்டில் காய்ச்சல் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கூறுங்கள்.

மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, வலிப்பு, சிறுநீர் குறைதல், இரத்தக்கசிவு, ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலைச்சாலையில் ஊர்தி வந்துசேரும் நேரத்தையும் கணக்கிட்டு, இரவு வருமுன்பே முடிவெடுப்பது நல்லது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.