67 ஆண்டுகள் காத்திருந்த ஆய்வு

ஓர் ஆய்வாளரின் எழுத்துக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை, அது பெற்ற மேற்கோள்களை எண்ணி முடிவுகட்டும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. கல்வி உளவியலின் வரலாறு இந்த வழக்கத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1917-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கேட்ஸ், திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவைத்து ஒப்பித்துப் பார்ப்பதே நினைவில் ஆழப் பதியவைக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு காட்டினார். 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அதே கேள்வியை மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 9 நகரங்களின் 91 பள்ளிகளில் ஆறாம் வகுப்பு படித்த 3,605 மாணவர்களை ஒரு பாடக் கட்டுரையை வாசிக்கச் செய்து, குழு குழுவாகப் பிரித்து, 63 நாள் வரை வெவ்வேறு இடைவெளிகளில் தேர்வு வைத்தார். வாசித்தவுடன் தேர்வு எழுதியவர்களுக்குப் பாடம் நிலைத்தது. தேர்வு தள்ளிப்போன குழுக்களில் மறதி விரைந்து பரவியது. தேர்வு என்பது கற்றதை அளப்பதோடு நிற்பதில்லை, அதுவே கற்பிக்கவும் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனாலும் வகுப்பறைகள் அசையவில்லை. தேர்வை மதிப்பெண் போடும் கருவியாகவே கல்வித் துறை பார்த்தது. நினைவாற்றலை ஆராய்ந்தவர்களோ ஆய்வகத்தில் சொற்பட்டியல்களோடு நின்றுகொண்டார்கள். இடையில் சிலர் தேர்வின் கற்பிக்கும் விளைவைத் தொட்டாலும், 1989-இல் ஜான் குளோவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்த விளைவு ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தது. 2006-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் புதிய சோதனைகளோடு இதை மீட்டெடுத்த பிறகுதான் ஆய்வுகள் பெருகின. ஸ்பிட்சரின் கட்டுரை வெளிவந்து அப்போது 67 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கால அளவை நம் அளவுகோல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணையை முன்மொழிந்தபோது, தொடர்புள்ள ஆய்வுகளைத் தேடிக் கண்டடைவதே அதன் முதன்மை நோக்கம். 1964-இல் அந்த அட்டவணை அச்சானது. ஆய்விதழ்களை ஒப்பிட அதிலிருந்து தாக்கக் காரணி பிறந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே அதன் கணக்கு. 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தந்த ஹெச்-குறியீடு தனி மனிதரையும் ஒற்றை எண்ணில் அடக்கியது. இரண்டு ஆண்டுச் சாளரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு, 67 ஆண்டுகள் கழித்துப் பலன் தந்த ஆய்வு எப்படித் தெரியும்?

உண்மை என்றாவது வெளிவரும், ஸ்பிட்சர் விதிவிலக்கு என்று சிலர் சொல்லலாம். வெளிவந்தது உண்மை; அந்த இடைவெளியில் பள்ளி முடித்த தலைமுறைகளுக்கு அதனால் பயனில்லை. எதிர்ப்பக்கத்திலும் சான்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கற்றல் பாணி இருக்கிறது, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து கல்வி உலகில் பெரும் வரவேற்புப் பெற்றது. 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நால்வர் அதைப் பரிசீலித்து, வகுப்பறையில் கையாளப் போதிய ஆதாரம் இல்லை என்றனர். பலரும் எடுத்தாள்வது கவனத்துக்குச் சான்றே தவிர, உண்மைக்குச் சான்று ஆகாது.

எண்களைக் கைவிட்டால் சிபாரிசும் சாதியும் நியமனங்களைத் தீர்மானிக்கும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அந்த அச்சம் நியாயமானது. செல்வாக்கு இல்லாத இடத்திலிருந்து வருபவருக்கு வெளிப்படையான எண் ஒரு பாதுகாப்பு. ஆனால் மதிப்பீட்டாளர்கள் கட்டுரையை வாசித்து, தங்கள் முடிவின் காரணங்களை எழுத்தில் வைத்தால் பாரபட்சத்தை அங்கே கேள்வி கேட்க முடியும். வெறும் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்த பாரபட்சத்தைக் கேள்வி கேட்க வழியில்லை. 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் தனி ஆய்வாளரை எடைபோட ஆய்விதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. இந்தியாவிலோ 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளி முறை, அதே தாக்கக் காரணிக்குக் கூடுதல் புள்ளி தந்தது. நியமனக் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள் எண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கட்டுரையை வாசிக்காமல் எவருடைய ஆய்வுக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.